உங்களுக்குத் தெரியுமா? – ‘ஆ’ காட்டும் முன்

காலில் கட்டுப் போடும்போதும் கண்ணில் சொட்டு விடும்போதும் டாக்டரிடம் பேசிக்கொண்டே இருக்கலாம். பல் வைத்தியத்தில் மட்டும், வலியைச் சொல்ல வேண்டிய வாயே வைத்தியம் நடக்கிற இடம். கண்ணாடி, பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், டாக்டரின் விரல்கள் என எல்லாம் உள்ளே இருக்கும்போதுதான் "எந்த ஊர் நீங்க?" என்று கேட்பார் அவர். நாமும் "ம்ஹ்ஹ்" என்போம். புரிந்ததுபோல் அவரும் தலையாட்டுவார். பேச வேண்டியதையெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன்பே பேசி முடித்தால்தான் உண்டு. அந்தச் சில நிமிடங்களில் என்னென்ன நடக்கலாம், என்னென்ன தவறிப்போகிறது? இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றித்தான்.

18 நொடி

1984-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இருவர், மருத்துவர் அறையில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி தன் தொல்லையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிட்டார். ‘விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள்’ என்பது டாக்டர்கள் சொல்லும் சமாதானம். அதையும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அளந்து பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். 335 நோயாளிகளை யாரும் தடுக்காமல் பேசவிட்டபோது, சராசரியாக 92 நொடியில் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். நூற்றுக்கு 78 பேர் 2 நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டுமே பொது மருத்துவத்தில் எடுத்த கணக்கு. பல் டாக்டருக்கோ குறுக்கிடுவது இன்னும் சுலபம். "ஆ காட்டுங்க" என்று சொல்லிவிட்டால் கதை அதோடு நின்றுவிடும்.

சுருக், விண்விண், ஷாக்

வலியை விவரிக்க ஒரு சொற்பட்டியல் இருந்தால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது என்று நினைத்தார் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக். 1975-ல் அவர் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாளில் 78 சொற்கள் இருக்கின்றன. நம் பாட்டிமார் அதை எழுதிவைக்கவில்லையே தவிர, அப்படியொரு பட்டியல் அவர்கள் வாயில் எப்போதும் உண்டு. கேட்கத் தெரிந்த பல் டாக்டருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

"ஜில்லுனு தண்ணி பட்டா சுருக்குங்குது, உடனே போயிடுது" என்றால் பெரும்பாலும் பல் கூச்சம் அல்லது ஆரம்பச் சொத்தை. அடைத்தாலே சரியாகிவிடலாம். "ராத்திரி படுத்தா விண்விண்ணுன்னு தெறிக்குது, சூடா காபி குடிச்சா அடங்கவே மாட்டேங்குது" என்றால் சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்புவரை போயிருக்க வாய்ப்பு அதிகம். வேர் சிகிச்சையா, பல்லை எடுப்பதா என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். "கடிச்சா மட்டும் வலிக்குது" என்றால் வேர் நுனியில் சீழோ, பல்லில் விரிசலோ இருக்கலாம். "முகம் கழுவினாக்கூட கரண்ட் ஷாக் அடிச்ச மாதிரி வெட்டி வெட்டி இழுக்குது" என்றால் பல்லின் மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம். முகத்துக்கு உணர்ச்சி தரும் முப்பிரிவு நரம்பின் வலி அப்படித்தான் இருக்கும். இதை விளக்கமாகச் சொல்லாமல் ‘பல்வலி’ என்று மட்டும் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் வலியோடு அலைந்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பல்லின் உள் நரம்பு வலிக்கும்போது எந்தப் பல் என்று மூளைக்கே சரியாகத் தெரியாது. கீழ்ப் பல் கெட்டிருக்கும், மேல் பல்லைக் காட்டுவோம். நாம் காட்டியதை விட்டுவிட்டு டாக்டர் வேறு பல்லைத் தட்டிப் பார்த்தால் அவர் காதில் விழவில்லை என்று அர்த்தமில்லை.

பெயரிலேயே வலி இல்லை

அமெரிக்காவில் எட்கர் பார்க்கர் என்றொரு பல் டாக்டர் இருந்தார். பேண்டு வாத்தியம் முழங்க, கூட்டத்துக்கு நடுவே பல் பிடுங்குவார். பிடுங்கப்பட்டவர் போடும் கூச்சல் வாத்தியச் சத்தத்தில் அமுங்கிப்போகும். ‘வலியில்லா வைத்தியம்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது எனக் கலிஃபோர்னியாவில் கெடுபிடி வந்தபோது, மனிதர் 1915-ல் தன் பெயரையே சட்டப்படி ‘பெயின்லெஸ் பார்க்கர்’ என்று மாற்றிக்கொண்டார். சொந்தப் பெயரைப் பலகையில் எழுதுவதை யார் தடுக்க முடியும்! ஒரே நாளில் பிடுங்கியவை என்று சொல்லி 357 பற்களைக் கோத்து மாலையாகவும் போட்டுக்கொண்டார்.

பார்க்கர் 1952-ல் காலமானார். ‘வலிக்கவே வலிக்காது’ மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பெரியவர்களாவது சிரித்துவிட்டுப் போவார்கள். பொய் என்று ஒருமுறை கண்டுபிடித்த பிள்ளையை அடுத்த தடவை பல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட வைப்பதற்குள் அப்பா அம்மா இருவருக்கும் வியர்த்துவிடும்.

எறும்பு கடிக்க வேண்டாம்

அப்படியானால் "லேசா வலிக்கும், பொறுத்துக்கங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். எல்விரா லாங் என்ற மருத்துவரின் குழு, விழித்த நிலையில் உடலுக்குள் குழாய் செலுத்திச் செய்யும் சிகிச்சைகளின்போது நோயாளிகளிடம் என்னென்ன பேசப்படுகிறது என்று பார்த்தது. ஆய்வு 2005-ல் வெளியானது. வலி, எரிச்சல் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர்களுக்கு வலியும் கூடியது, பதற்றமும் கூடியது. நம் ஊர் ‘எறும்பு கடிச்ச மாதிரி’யும் அந்த ரகம்தான். எறும்பு கடித்தால் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியுமே!

பொய்யும் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம். உடம்புக்கு என்ன தெரியப்போகிறதோ அதைச் சொன்னால் போதும். "ஈறுல ஒரு அழுத்தம் தெரியும். மெதுவாப் பத்து எண்ணுங்க, அதுக்குள்ள முடிஞ்சிடும்." எத்தனை நேரம் என்று தெரிந்துவிட்டாலே பாதி பயம் போய்விடுகிறது.

கத்தியதால் கெட்டது

1845 ஜனவரி, பாஸ்டன். ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், சிரிப்பூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைக் கொடுத்து வலியில்லாமல் பல் எடுப்பதைப் பலர் முன்னிலையில் செய்துகாட்டினார். பல் வெளியே வரும் நேரத்தில் நோயாளி கத்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மோசடி என்று கேலி செய்தார்கள். பெரிதாக வலி தெரியவில்லை என்று அந்த நோயாளி பிற்பாடு சொன்னாராம். என்ன பிரயோஜனம்? வெல்ஸ் மனம் உடைந்து 1848-ல் இறந்துபோனார். மயக்க மருந்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864-ல் ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் இதற்கு நேரெதிர். உண்மையாகவே வலிக்கும், டாக்டர் என்ன நினைப்பாரோ என்று சத்தமே வராது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்போம் என்றால் அந்த நாற்காலியில் அதற்கும் வழியில்லை!

இடது கை

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க." பிரிட்டனில் பல் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ஏன் இடது? வலது கைப் பழக்கமுள்ள டாக்டர் நோயாளியின் வலப்பக்கம் உட்கார்ந்து வேலை செய்கிறார். வலது கையைத் தூக்கினால் சுழலும் கருவியில் இடித்துவிடும். நம் பெரியவர்கள் சிலருக்கு டாக்டர் முன்னால் இடது கையை நீட்டத் தயக்கம் இருக்கும். அவர்களுக்கு ஒரு மணியையோ கைக்குட்டையையோ கொடுத்துவிடலாம். எந்தச் சைகையாக இருந்தாலும் நிறுத்தச் சொன்னால் நிஜமாகவே நிறுத்த வேண்டும். "இதோ முடிஞ்சிடுச்சு" என்று இன்னும் அரை நிமிடம் ஓட்டினால் அந்தக் கை மறுபடி எழாது.

ஊசிக்குப் பிறகு மூன்று திடுக்

ஒன்று, படபடப்பு. மரத்துப்போக வைக்கும் ஊசியில் லிக்னோகெய்னோடு, 80,000-க்கு 1 என்ற சிறு அளவில் அட்ரினலினும் கலந்திருப்பது வழக்கம். ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பது அதன் வேலை. சிலருக்கு அதனால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கும். முன்பே சொல்லியிருந்தால் "ஓ, இதுதானா" என்று போய்விடும். சொல்லாவிட்டால் "எனக்கு ஊசி சேராது" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரிவார்.

இரண்டு, உதடு இட்லி மாதிரி வீங்கிவிட்ட நினைப்பு. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். முகம் எப்போதும்போல்தான் இருக்கும். குழந்தைகளின் அம்மாக்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 2, 3 மணி நேரத்தில் பிள்ளை மரத்துப்போன உதட்டைச் சூயிங்கம்போல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

மூன்று, "மரத்தும் இழுக்கிறது தெரியுதே?" ஆமாம், தெரியும். ஊசி வலியைத்தான் நிறுத்துகிறது, அழுத்தத்தை முழுதாக நிறுத்துவதில்லை. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம், ஊசி வேலை செய்த பிறகும் நோயாளி "வலிக்குது" என்பார். அதற்காக "வலிக்குது" என்பவர்கள் எல்லோரும் பயந்தாங்கொள்ளிகள் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது. அங்கே மரத்துப்போகவில்லை என்று நோயாளி சொன்னால், பெரும்பாலும் உண்மை அதுதான்.

சொல், காட்டு, செய்

குழந்தைப் பல் மருத்துவத்தில் உலகம் முழுக்கக் கற்றுத்தரும் முறை இது; 1959-ல் ஆடில்ஸ்டன் என்பவர் எழுதியது. முதலில் என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். பிறகு கருவியை அதன் கையிலோ நகத்திலோ வைத்துக் காட்ட வேண்டும். அப்புறம் சொன்னதை மட்டும், சொன்ன மாதிரியே செய்ய வேண்டும். எச்சில் உறிஞ்சும் குழாய் யானைத் துதிக்கையாகிவிடும். பல்லைக் கடையும் கருவி, தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டும் குழாய்.

இத்தனையும் செய்துவைத்தால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா "சும்மா இருக்கல, டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். வெட்கப்பட வேண்டாம், நாம் எல்லோரும் அப்படி மிரட்டி வளர்க்கப்பட்டவர்கள்தான். பல் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்காவது அந்த வசனத்துக்கு விடுமுறை கொடுங்கள்.

ஆறு வயதில் சத்தமில்லாமல் வரும் பல்

"பால் பல்லுதானே டாக்டர், விழப்போறதுதானே" என்று அப்பா சொல்கிற பல், பல சமயம் பால் பல்லே இல்லை. சுமார் 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்துவிடுகிறது. மேலும் கீழும் சேர்த்து நான்கு. விழுந்து முளைத்தால்தான் நிலையான பல் என்று நினைக்கும் வீடுகளில் அதற்குக் கவனிப்பு கிடையாது. 8, 9 வயதில் பொத்தலாகி வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில் ஒரே ஒரு தடவை, கண்ணாடியில் காட்டி, "இது ஆயுசுக்கும் வரவேண்டிய பல்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும்.

பூச்சியைக் கேலி செய்யாதீர்கள்

"பல்லுல பூச்சி" என்று சொல்லிக்கொண்டு வருபவரைப் பார்த்துச் சிரிக்கும் டாக்டர்களுக்கு ஒரு செய்தி. பல்லைப் புழு அரிக்கிறது என்பதை ஐரோப்பாவும் நூற்றாண்டுக் கணக்கில் நம்பியது. 1728-ல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் தன் நூலில் மறுத்த பிறகும் அந்த நம்பிக்கை உடனே சாகவில்லை. நம் பக்கம் கண்டங்கத்திரி விதையின் புகையை வாயில் பிடிப்பது பழைய கைவைத்தியம். அது என்ன பூச்சி, எங்கே என்று தர்க்கம் செய்வதைவிட, "பூச்சி கண்ணுக்குத் தெரியாது, கிருமி. நாம சாப்பிடுற இனிப்பை அது சாப்பிட்டு ஆசிட் விடுது, அதுல பல் கரையுது" என்று அவர் நிற்கிற இடத்திலிருந்தே ஆரம்பித்தால் நாலு வார்த்தை காதில் ஏறும்.

மேல் பல், கண் பார்வை

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது இன்றைக்கும் உயிரோடு இருக்கும் பயம். பார்வை நரம்பு வேறு. மேல் பற்களுக்கு உணர்ச்சி தருவது முப்பிரிவு நரம்பின் நடுக் கிளை. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. மேல் கோரைப் பல்லில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்கும், சில சமயம் கண்ணே மூடிக்கொள்ளும். அந்த நிலையில் பல்லை எடுத்தவரைப் பார்த்த ஊர், பழியைக் கொறடு மேல் போட்டுவிட்டது. கண்ணுக்குக் கெடுதல் சீழைக் கவனிக்காமல் விடுவதுதான். இதைத்தான் டாக்டர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கிளீன் பண்ணினால் பல் ஆடுமா?

என் பார்வையில், பல் வைத்தியத்தில் பேசாமல் விட்டதால் வந்த வதந்திகளில் இதுவே பெரியது. வருடக்கணக்கில் படிந்த காரை, பற்களின் இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் அடியில் ஈறு வீங்கி, எலும்பு கரைந்திருக்கும். காரையைச் சுரண்டி எடுத்ததும் இரண்டு காரியம் நடக்கிறது. மறைந்திருந்த சந்து கண்ணுக்குத் தெரிகிறது. திறந்துகொண்ட வேரில் ஜில் தண்ணீர் பட்டுக் கூசுகிறது. வீட்டுக்குப் போய் நாக்கால் துழாவிப் பார்ப்பவர் "நல்லா இருந்த பல்லைக் கெடுத்துட்டான்" என்றுதான் சொல்வார், வேறென்ன சொல்வார்? ஏற்கெனவே ஆடிய பல் காரையின் பிடிப்பில் நின்றது என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம்.

செய்வதற்கு முன் சொன்னால் விளக்கம், செய்த பிறகு அதையே சொன்னால் சாக்கு. "இடைவெளி தெரியும், ஒரு வாரம் பத்து நாள் கூசலாம், ஈறு இறுகினதும் குறையும்" என்று முன்பே சொல்லிவிட்டு, சுரண்டிய காரையைப் பஞ்சில் வைத்துக் காட்டும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வதந்தி நெருங்குவதில்லை.

46-வது பல்லா?

சீட்டில் ‘46 ஆர்.சி.டி.’ என்று எழுதியிருக்கும். வாயில் மொத்தமே 32. பதற வேண்டாம், அதை ‘நாலு, ஆறு’ என்று படிக்க வேண்டும். முதல் எண் வாயின் கால் பகுதியைச் சொல்கிறது. நம் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. இரண்டாவது எண், முன் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் எத்தனையாவது பல் என்பது. ஆக, வலது கீழ் ஆறாவது பல்லுக்கு வேர் சிகிச்சை. குழந்தைகளின் பால் பற்களுக்கு முதல் எண் 5 முதல் 8 வரை. அமெரிக்காவில் இதே பல்லுக்கு 30 என்று பெயர். அங்கே 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறார்கள். வெளிநாட்டுச் சீட்டோடு ஊருக்கு வருபவர்கள் கவனிக்க. பிடுங்குவதற்கு முன் கண்ணாடியைக் கேட்டு, "இந்தப் பல்தானே டாக்டர்?" என்று விரல் வைத்து உறுதி செய்துகொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மாத்திரை எல்லாம் மாத்திரைதான்

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" "ஒண்ணும் இல்லை டாக்டர்." பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. சம்பந்தம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் அப்படியே. எலும்புத் தேய்வுக்கு வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசியை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்த வகை மருந்து எடுத்தவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்பது 2003 முதல் தெரிந்த விஷயம். ஸ்டென்ட் வைத்தவர்களோ இன்னொரு விதம். பல் எடுக்கப் போகிறோம், ரத்தம் நிற்காது என்று தாங்களாகவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரலை நிறுத்திவிட்டு வருவார்கள். ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது, மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு போவது.

கூட என்ன வைப்பீங்க?

"கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் 70 வயது ஆயாவுக்குக் கோபம்தான் வரும். "வெத்தல போடுவீங்களா ஆயா? கூட என்ன வைப்பீங்க?" என்று கேட்டால் பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை என்று வரிசையாக வந்துவிடும். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்திருக்கிறது.

மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதும்போதும் இதே நுட்பம் வேண்டும். மனைவி பக்கத்தில் நிற்கும்போது "குடிப்பீங்களா?" என்று கேட்டால் உலகத்தில் எவரும் குடிப்பதில்லை. "இந்த மாத்திரை சாப்பிடுற நாள்ல யாரா இருந்தாலும் மது கூடாது, வாந்தி எடுத்துடும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் யார் மானமும் போகாது. புகையிலையை விட நினைப்பவர்களுக்கு இந்திய அரசின் கட்டணமில்லா எண் ஒன்று இருக்கிறது: 1800 11 2356.

ஐஸ்கிரீம் மட்டும் நினைவிருக்கும்

டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம்வரை உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்டப் பாதி தப்பாக நிற்கிறது என்று நெதர்லாந்தின் ராய் கெசல்ஸ் 2003-ல் எழுதினார். பல் எடுத்தவரிடம் சோதித்துப் பாருங்கள், ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கும். எச்சில் துப்பக் கூடாது, அன்று முழுக்க வாய் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது என்பதெல்லாம் காற்றில் போய்விடும். பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் அங்கே மருந்து. அது பெயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும். காரணத்தைச் சொன்னால் விதி நினைவில் நிற்கும்.

ஒரு வேடிக்கை உண்டு. இந்த அறிவுரைகள் எல்லாம் வழங்கப்படுவது, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஒரு சந்தேகம்கூடக் கேட்க முடியாத நிலையில் நோயாளி இருக்கும்போது! ஊசி போடுவதற்கு முன்பே சொல்லி, "வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்க்கலாம்" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிடுவது மேல்.

"யோசிச்சுட்டு வர்றேன்"

வேர் சிகிச்சை, பிறகு கேப் என்று டாக்டர் சொல்லி முடித்ததும் நோயாளி இப்படிச் சொன்னால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: பணம் இல்லை. அதை இருவருமே வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னொரு ரகம், வேர் சிகிச்சையை முடித்து, வலி போனதும் கேப் போட வராமல் இருந்துவிடுகிறவர். கேப் தனிச் செலவு, அது இல்லாவிட்டால் கடைவாய்ப்பல் ஒருநாள் பிளந்துகொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அவர் மொத்தக் கணக்கையும் பார்த்து முடிவு செய்திருப்பார். பிரிட்டனின் பொதுப் பல் மருத்துவக் கவுன்சில் 2013-ல் வகுத்த ஒன்பது கோட்பாடுகளில் இரண்டாவது, நோயாளியோடு சரியாகப் பேசுவது. செலவைத் தெளிவாகச் சொல்வது அதற்குள்ளேயே அடங்குகிறது. "இங்கே முடியலைன்னா அரசு பல் மருத்துவக் கல்லூரியில குறைஞ்ச செலவுல செய்யலாம்" என்று வழிகாட்டும் தனியார் டாக்டரை நோயாளி மறக்க மாட்டார். சென்னைக் கல்லூரி 1953 முதல் இருக்கிறது.

பார்க்கச் சொன்னது பிடுங்கச் சொன்னதாகாது

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. அது பல் வழக்கு இல்லை. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் கேட்டுவிட்டுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, சுயமாக முடிவெடுக்கும் திறன் உள்ள வயதுவந்தவருக்குப் பதிலாக இன்னொருவர் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்கு, வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்னவாகும் என்பதையெல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். வயதான அம்மாவை நாற்காலியில் வைத்துக்கொண்டு, "எடுத்துடலாமா?" என்று மகனைப் பார்த்துக் கேட்கும் டாக்டர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம்.

சர்ரே அம்மாக்கள்

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சர்ரே நகரில் பஞ்சாபி பேசும் குடும்பங்கள் அதிகம். அங்கே 240 கைக்குழந்தைகளின் அம்மாக்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் துண்டறிக்கை, வீடியோ. ஒரு தரப்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு 45 நிமிடப் பேச்சும் ஆறு தொலைபேசி அழைப்புகளும். அதிலும் உபதேசம் கிடையாது. அம்மாவுக்கு எது முடியும், எதில் சிக்கல் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, தனக்கு ஒத்துவரும் வழியை அவரே தேர்ந்தெடுக்க விட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு பேச்சுக் கிடைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு வந்த புதுச் சொத்தைகள் சராசரியாக 0.71, மற்றவர்களுக்கு 1.91. 2004-ல் வெளியான முடிவு இது. "ராத்திரி பால் புட்டி கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதற்கும், "ராத்திரி பிள்ளை அழுதா வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேட்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

சட்டென்று சில

◆ பல் வைத்தியப் பயத்தை அளக்க நார்மன் கோரா 1969-ல் நான்கு கேள்விகள் எழுதினார். ஊசியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாததைக் கவனித்து, 1995-ல் ஜெர்ரி ஹம்ப்ரிஸ் ஐந்தாவதைச் சேர்த்தார். 25-க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம். 2012-ல் தமிழ் வடிவமும் வந்துவிட்டது.

◆ சொல்லத் தெரியாத சிறு பிள்ளைகளிடம் ஆறு முகப் படங்களைக் காட்டி "உன் வலி எது?" என்று கேட்கும் முறையை 1983-ல் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் உருவாக்கினார்கள்.

◆ காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறார்கள். மாஸ்க் போட்ட பிறகு கத்திப் பிரயோஜனமில்லை. போடுவதற்கு முன் பேச வேண்டும்.

◆ படி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் போய்விடும் கீழ்த்தாடை வலியைப் பல் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் உங்களை இதய மருத்துவரிடம் அனுப்பக்கூடும்.

◆ முதல் பல் எக்ஸ்ரே 1896 ஜனவரியில் ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் எடுத்தது. 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. படத்தில் கருப்பாக அரித்துத் தெரிவது சொத்தை, பளீரென்ற வெள்ளை உலோக அடைப்பு. திரையைத் தம் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

◆ உதவியாளரிடம் டாக்டர் தாழ்ந்த குரலில் சொல்லும் "இது போயிடுச்சு" நோயாளிக்கு மிகத் தெளிவாகக் கேட்கும்.

பல் செட் எங்கே?

"பல் செட் நல்லா இருக்கா தாத்தா?" "நல்லா இருக்குங்க." இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பெரியவர்கள் டாக்டர் மனம் நோகும்படி பேச மாட்டார்கள். செட் வீட்டில் டப்பாவுக்குள் இருக்கும், விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். "நேத்து என்ன சாப்பிட்டீங்க? முறுக்கு கடிக்க முடியுதா? எந்த இடத்துல உரசுது?" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். புது செட்டுக்கு வாய் பழகச் சில வாரம் ஆகும், முதலில் கஞ்சியும் குழைந்த சோறும், இரண்டு பக்கமும் சமமாக மெல்ல வேண்டும், உரசினால் ராவி சரிசெய்யத் திரும்ப வர வேண்டும், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். இதில் ‘திரும்ப வர வேண்டும்’ என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லலாம். சரியாக அமையாவிட்டால் தன் வாய்தான் சரியில்லை என்று தாத்தா நினைத்துக்கொள்கிறார்.